முத்துவின் பறவையும் கல்குடாவின் ஆள்கூறுகளும்

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் என்னோடு ஒரே மேசையிலிருந்து செய்தி திருத்தியவர். என்னிலும் ஆறேழு வயது இளையவர். மட்டக்களப்பு மண்ணில் பிறந்தவர். கனடாப் பனிக்குத் தப்பி ஊருக்கு வருகின்றாராம். கல்குடாவில் இரண்டு வாரம் தங்கிப் பறவை பார்க்க எண்ணம். “அண்ணன், பறவையைக் கண்ட இடத்தைக் குறித்து வைக்க ஜி.பி.எஸ். உள்ள கருவி ஒன்று வேண்டும். கையில் உள்ள தொலைபேசியே போதுமா, தனிக் கருவி வாங்கவேண்டுமா? நீங்கள்தான் அந்தப் பக்கமெல்லாம் திரிந்தவர், சொல்லுங்க” என்று கேட்டிருந்தார்.

எனக்கும் கருவிகளுக்கும் பெரிய உறவு கிடையாது. தட்டச்சு யந்திரத்திலிருந்து கணினிக்கு மாறியபோதே முணுமுணுத்தவன் நான். ஆனால் ‘எங்கே?’ என்ற கேள்வியோடு எனக்கு அரை நூற்றாண்டு உறவு உண்டு. பத்திரிகைக்குள் நுழைந்த முதல் வாரத்தில் என் செய்தி ஒன்றை ஆசிரியர் திருப்பி எறிந்தார். நிகழ்ச்சி இருந்தது, நாள் இருந்தது, பேசியவர் பெயர் இருந்தது. ஊர் இல்லை. “தம்பி, இது செய்தியல்ல, காற்றில் வந்த கதை” என்றார். பறவைக் குறிப்புக்கும் அதே விதிதான் என்பது பின்னர்தான் எனக்கு விளங்கிற்று. ஆகவே நண்பருக்கான விடையை ஒரு கடைக்காரரைப்போல விலைப்பட்டியலிலிருந்து தொடங்க என்னால் இயலவில்லை. 1854 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகின்றேன். பொறுமையுள்ள வாசகர்கள் கூடவே வரலாம்.

எட்கார் லெயார்ட் என்ற ஆங்கிலேயர் 1840களின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் இலங்கையில் வாழ்ந்தவர். அரச உத்தியோகம் பார்த்தார். ஓய்வு நேரமெல்லாம் பறவைகளுக்குக் கொடுத்தார். அவரிடம் முத்து என்று ஒரு வேலையாள் இருந்தார். காட்டிலும் கரையிலும் அலைந்து பறவைகளைக் கொண்டுவந்து சேர்த்தவர் இந்த முத்துதான். பருத்தித்துறையில் கிடைத்த சிறிய ஈப்பிடிப்பான் ஒன்று அதுவரை அறிவியலுக்குத் தெரியாத இனம் என்று கண்ட லெயார்ட், 1854 இல் அதற்குத் தம் வேலையாளின் பெயரையே சூட்டினார். தம்முடைய மிகச் சிறந்த பறவைகள் பலவற்றுக்கு முத்துவின் விடாமுயற்சியே காரணம் என்று நன்றியோடு எழுதியும் வைத்தார். பழுப்புமார்பு ஈப்பிடிப்பான் எனப்படும் அப்பறவை இன்றும் உலகெங்கும் ‘முஸ்கிகாபா முத்துயி’ என்றே அறியப்படுகின்றது. வடகிழக்கு இந்தியாவிலும் பர்மாவிலும் தென்சீனாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தைத் தென்மேற்கு இந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கும் பறவை அது. சீனத்து அறிஞர் அதைப்பற்றி எழுதினாலும் நம் முத்துவின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும்!

ஆனால் எங்கே? ‘பருத்தித்துறை’ என்ற ஒற்றைச் சொல்லே உலகம் அறிந்தது. கடலோரப் பற்றையா, கோயில் வீதி வேம்பா, பனங்கூடலா? முத்துவுக்குத் தெரிந்திருக்கும். எழுதுகோல் முத்துவின் கையில் இருக்கவில்லை. இதை இங்கே ஒரு குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ஊர்ப்பெயர் சொன்னாலே பெரிது. எனினும் பறவையை அறிந்தவர் ஒருவர், இடத்தை எழுதியவர் இன்னொருவர் என்ற பிரிவு அப்போதே விழுந்துவிட்டது என்பதைக் கவனிக்கவேண்டும்.

லெயார்டுக்குப் பின் வந்தவர் வின்சென்ட் லெக். தஸ்மேனியாவில் பிறந்த பீரங்கிப்படை அதிகாரி. 1868 முதல் 1877 வரை இலங்கையில் இருந்தவர். கிழக்கே திருகோணமலையிலும் சில காலம் பணிபுரிந்தார். 1878 முதல் 1880 வரை லண்டனில் பகுதி பகுதியாக வெளிவந்த ‘இலங்கைப் பறவைகளின் வரலாறு’ என்ற அவரது பெருநூலில் ஒவ்வொரு பறவைக்கும் ‘பரம்பல்’ என்று தனிப் பகுதி உண்டு. எந்தக் கரையில், எந்தக் குளத்தில், எந்த மாதத்தில் என்று இராணுவ அதிகாரிக்கே உரிய ஒழுங்கோடு எழுதியிருக்கின்றார். கியூலமான்ஸ் வரைந்த வண்ணப் படங்களுக்காகவே அந்நூலைப் புரட்டுவோர் பலர். என்னைப் போன்றவர்கள் அந்தப் ‘பரம்பல்’ பத்திகளுக்காகப் புரட்டுகின்றோம். 1955 இல் ஜி. எம். ஹென்றியின் வழிகாட்டி நூல் வந்தது. பறவைகளின் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் சேர்த்துத் தந்த நூல் என்பதால் எங்கள் தலைமுறைக்கு அதன்மீது தனி வாஞ்சை உண்டு.

அந்நாட்களில் இடம் குறிக்க விரும்பியவர்கள் நம்பியிருந்தது நில அளவைத் திணைக்களத்தின் ‘ஓரங்குலப் படம்’ ஒன்றைத்தான். படத்தில் ஓர் அங்குலம், தரையில் ஒரு மைல். ஒரு மில்லிமீற்றர் என்பது 63 மீற்றர். கூராகச் சீவிய பென்சிலால் வைத்த புள்ளியே தரையில் ஒரு சிறு தென்னந்தோட்டத்தை மூடிவிடும். ஆயினும் அது நல்ல படம். கொழும்பில் வாங்கிய தாளொன்றை நான் நான்காக மடித்து மடித்து, மடிப்புகள் கிழிந்து, கல்குடாவிலிருந்து வாகரை வரையான கரை நாலு துண்டாகப் போகும்வரை வைத்திருந்தேன்.

கல்குடாவை அறியாதவர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். மட்டக்களப்பு நகருக்கு வடக்கே கடல் நிலத்துக்குள் வளைந்து நுழையும் இரு குடாக்கள் பாசிக்குடாவும் கல்குடாவும். பெயரிலேயே ஒன்றுக்குப் பாசியும் மற்றதற்குக் கல்லும் இருக்கின்றன. சற்று வடக்கே வாழைச்சேனைக் களப்பு. மாதுறு ஓயா அதில்தான் வந்து விழுகின்றது. ஆற்றுவாய்க்கு அருகே நாசிவன்தீவு. தெற்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம்வரை 56 கிலோமீற்றர் நீளத்துக்கு மட்டக்களப்பு வாவி கிடக்கின்றது. வாவியின் பாடும் மீனைப் பற்றி 19 ஆம் நூற்றாண்டில் எமெர்சன் டெனன்ற் எழுதியதிலிருந்து உலகமே பேசிவிட்டது. தலைக்குமேல் பறப்பவற்றைப் பற்றி அந்த அளவு பேச்சில்லை. மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, நெடுங்கால் உள்ளான், மீசை ஆலா, செம்பருந்து, வெண்வயிற்றுக் கடற்கழுகு என்று வரிசை நீளும். ஐப்பசி முதல் பங்குனிவரை வடக்கே சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வந்த விருந்தாளிகள் வேறு. ஊர்ப்பெயர்களிலும் பறவை உண்டு, மயிலம்பாவெளி ஒன்று. கொக்கட்டிச்சோலையையும் இப்பட்டியலில் சேர்க்கத் துடிப்போர் சற்றுப் பொறுக்கவேண்டும். கொக்கட்டி என்பது மரம், கொக்கு அல்ல.

இந்தக் கரையை ‘எங்கே’ என்று எழுதுவதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. இடமே நகரும். மட்டக்களப்பு முகத்துவாரத்தைக் கோடையில் மணல் மூடும். மாரி வெள்ளத்தில் அது வெட்டித் திறக்கப்படும். திறந்த வாய் போன ஆண்டு இருந்த அதே அடியில் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையும் இந்தக் கரையின் முகத்தையே மாற்றின. ஆழிப்பேரலைக்கு மறு வாரம் கல்குடாவுக்குச் செய்தி சேகரிக்கப் போனவன் நான். பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நின்ற இடம் எது என்று தெரியாமல் நின்றேன். படத்தில் இருந்த வீடுகள் தரையில் இல்லை. அந்தப் பகுதியை இங்கே விரிக்க மனமில்லை.

இதற்கெல்லாம் முன்னரே ‘எங்கே’ என்ற சொல் எங்களுக்குப் பகையாகிவிட்டிருந்தது. 1990களில் வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றரியும் திசைகாட்டியும் தொலைநோக்கியும் இருந்தன. கிழக்கில் பட்டியலே தேவைப்படவில்லை. சாவடியில் நிற்பவர் முகம் சுருங்கினால் போதும். 1995 இலும் 1998 இலும் 2000 ஆம் ஆண்டிலும் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தபோது, எங்கள் செய்திகளிலிருந்து முதலில் வெட்டுப்பட்டவை இடப்பெயர்களே. ஊரில்லாத செய்தியை எறிந்த ஆசிரியரிடம் பயின்றவன், ஊரை நீக்கிச் செய்தி எழுதப் பழகினேன்.

அக்காலத்தில் ஒரு நாள், பெயர் வேண்டாம், ஒரு சோதனைச் சாவடியில் என் பையைத் திறந்தார்கள். பழைய தொலைநோக்கி ஒன்றும் குறிப்பேடு ஒன்றும் இருந்தன. தொலைநோக்கியைவிடக் குறிப்பேடுதான் ஆபத்தாயிற்று. ‘முகத்துவாரம், காலை 6.20, நாற்பது’ என்று ஒரு வரி. தமிழ் தெரிந்த ஒருவர் அதை மொழிபெயர்த்துச் சொன்னார். நாற்பது என்ன? நாற்பது பேரா, நாற்பது படகா? நாற்பது நெடுங்கால் உள்ளான் என்று நான் சொன்னதை நம்புவதற்கு அவர்களுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவ்விடத்தில் நானிருந்தாலும் நம்பியிரேன். கடைசியில் அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு என்னை விட்டார்கள். அன்று முதல் நான் குறிப்பேட்டில் இடம் எழுதுவதை நிறுத்தினேன். பறவையின் பெயர், எண்ணிக்கை, திகதி. அவ்வளவுதான். இடம் நினைவில் இருக்கும் என்று நம்பினேன்.

அதே காலத்தில், எங்கள் தலைக்குமேல் இருபதாயிரம் கிலோமீற்றர் உயரத்தில், ‘எங்கே’ என்ற கேள்விக்கு வேறொரு விடை சுற்றிக்கொண்டிருந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஜி.பி.எஸ். தொகுதியின் முதற் செய்மதியை 1978 இல் ஏவியது. 1983 இல் கொரிய விமானம் ஒன்று வழிதவறிச் சோவியத் வான்பரப்புக்குள் நுழைந்து சுட்டுவீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டபின், இந்த வசதி பொதுமக்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று ஜனாதிபதி ரீகனின் நிர்வாகம் அறிவித்தது. 1995 இல் தொகுதி முழுமையாக இயங்கத் தொடங்கியது. ஆனால் ஒரு தந்திரம் இருந்தது. படையினருக்குத் துல்லியமான இடம். பொதுமக்களுக்கு வேண்டுமென்றே கலப்படம் செய்த இடம். நூறு மீற்றர்வரை பிசகும். கப்பலோட்டிக்கு அது போதும். களப்போரத்தில் நிற்பவனுக்கு நூறு மீற்றர் என்பது சேற்றுக்கும் கடலுக்கும் இடையிலான தூரம். 2000 மே மாதம் 2 ஆம் திகதி, ஜனாதிபதி கிளின்ரனின் ஆணைப்படி அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. ஒரே இரவில் உலகிலுள்ள ஒவ்வொரு கருவியும், ஒரு திருகாணிகூடத் திருப்பப்படாமல், ஏறத்தாழப் பத்து மடங்கு துல்லியமாயிற்று. அதே ஆண்டு ‘கார்மின் ஈட்ரெக்ஸ்’ என்ற மஞ்சள் நிறக் கைக்கருவி வந்தது. இரண்டு சிறு பற்றரியில் 22 மணி நேரம் ஓடும் என்றார்கள். ஐந்நூறு இடங்களைச் சேமிக்கலாம். 2007 இல் ‘நோக்கியா என்95’ வந்து ஜி.பி.எஸ்.ஸைத் தொலைபேசிக்குள் பரவலாகக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ‘ஐபோன் 3ஜி’. அதன்பின் நடந்ததை எல்லோரும் அறிவீர்கள்.

எங்கள் கரையில் போர் கிழக்கில் 2007 இலும் நாடு முழுவதும் 2009 இலும் முடிந்தது. அதன்பின்னர்தான் லண்டன் உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பழைய மஞ்சள் ஈட்ரெக்ஸ் என் கைக்கு வந்தது. ஒரு ஜூன் மாதக் காலையில் அதையும் ஒட்டுப்போட்ட ஓரங்குலப் படத்தையும் எடுத்துக்கொண்டு நாசிவன்தீவுப் பக்கம் போனேன். தோணி தள்ளிய தம்பி ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் கருவியில் வந்த எண்ணைப் படத்தில் குறித்துப் பார்த்தேன். மணலில் நின்றுகொண்டிருந்த நாங்கள் படத்தின்படி கடலுக்குள் நின்றோம். தம்பி எட்டிப் பார்த்துச் சிரித்தார். “ஐயா, உங்கட படத்தில நாம தண்ணிக்குள்ள நிக்கிறம்.”

காரணத்தை விளக்கியவரும் அவர்தான். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பல நாள் ஆழ்கடலுக்குப் போகும் வள்ளங்களில் ஜி.பி.எஸ்.ஸோடு வேலை செய்தவர். “பழைய படத்துக்குக் கருவியில வேற கணக்கு வைக்கோணும்” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. இலங்கையின் பழைய படங்கள் ‘கந்தவல’ எனப்படும் அளவை அடிப்படையில் வரையப்பட்டவை. ஜி.பி.எஸ். கருவிகள் வழக்கமாகக் காட்டுவது ‘டபிள்யூ.ஜி.எஸ். 84’ என்ற உலக அடிப்படையில். ஒன்றின் எண்ணை மற்றதில் வைத்தால் இலங்கையில் ஏறத்தாழ இருநூறு மீற்றர் கிழக்கே தள்ளிப்போகும். கொழும்பில் இது தெரியாமலே போகலாம். கிழக்குக் கரையில் மனிதனைக் கடலில் தள்ளிவிடும். கருவியின் அமைப்புப் பட்டியலிலேயே கந்தவல இருக்கின்றது. ஓர் அழுத்தலில் மாற்றலாம். பத்திரிகையாளன் பத்து ஆண்டு அறியாததை மீனவர் ஒரு நிமிடத்தில் சொன்னார்.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். தனிக் கருவியா, தொலைபேசியா?

இடம் காட்டும் திறனில் இன்று பெரிய வேறுபாடு இல்லை. திறந்த வானின்கீழ் நல்ல தொலைபேசி ஐந்து மீற்றருக்குள் காட்டிவிடும். அமெரிக்கச் செய்மதிகளோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவற்றையும் அது கேட்கின்றது. களப்போரத்தில் வானத்துக்குப் பஞ்சமில்லை. ‘உள்ளூர்ச் சிம் இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது’ என்று வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் எண்ணுவது தவறு. செய்மதியின் சொல்லைக் கேட்கத் தொலைபேசி நிறுவனத்தின் தயவு தேவையில்லை. ஆனால் வலையமைப்பு இருந்தால் செய்மதிகளின் இருப்பிடத்தை அது உடனே அறிந்துகொள்ளும். இல்லையேல் செய்மதியிடமிருந்தே கேட்டறியவேண்டும். செய்மதி வினாடிக்கு 50 பிற்று வேகத்தில்தான் பேசும். ஆகவே முதல் தடவை சில நிமிடம் பொறுக்கவேண்டியிருக்கும். படத்தை மட்டும் விடுதியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும்.

வேறுபாடு வெயிலிலும் உப்பிலும் பற்றரியிலும் இருக்கின்றது. கல்குடா வெண்மணலில் காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசித் திரையில் தெரிவது உங்கள் முகம் மட்டுமே. தனிக் கருவியின் திரை வெயில் ஏற ஏறத் தெளிவாகும். ஈரக் கைக்குத் தொடுதிரை கீழ்ப்படியாது, பொத்தான் கீழ்ப்படியும். பற்றரி தீர்ந்தால் வாழைச்சேனைச் சந்தியில் இரண்டு வாங்கிப் போடலாம். மறுபக்கம், பறவையின் படம், குரல், பெயர், இடம், நேரம் எல்லாம் ஒரே பதிவில் சேர்வது தொலைபேசியில்தான். தனிக் கருவியிலிருந்து எண்ணைப் பார்த்து எழுதும்போதுதான் பிழைகள் நுழையும். பழைய தனிக் கருவியை இரவல் வாங்குவோருக்கு இன்னொரு எச்சரிக்கை: ஜி.பி.எஸ். வாரங்களை 1024 வரையே எண்ணிவிட்டுப் பூச்சியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்கப்படாத கருவிகள் சில, இடத்தைச் சரியாகவும் திகதியை ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னாலும் காட்டும். என் மஞ்சள் கருவி இப்போது அந்த நோயில் இருக்கின்றது.

எண் எழுதும் முறையைப் பற்றியும் சொல்லவேண்டும். கருவியைவிட இது முக்கியம். கல்குடா ஏறத்தாழ 7 பாகை 55 கலை வடக்கு, 81 பாகை 33 கலை கிழக்கு. இதையே தசமத்தில் எழுதினால் 7.92, 81.55. பாகையும் கலையும் காட்டும் கருவியிலிருந்து ஒருவர் அவசரத்தில் ‘7.55, 81.33’ என்று எழுதிவிட்டால், கல்குடாக் கடலில் மீனுக்குப் பாய்ந்த ஆலா மகா ஓயாப் பக்கத்து உள்நாட்டுக் காட்டில் போய் விழும். இப்படிப்பட்ட ‘அபூர்வப் பறவைகள்’ உலகப் பட்டியல்களில் ஏறி, பின்னர் இறக்கப்படுகின்றன. இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீற்றர் பிசகு. இங்கே ஒரு கிலோமீற்றருக்குள் கடலும் மணலும் தென்னந்தோப்பும் களப்பும் அடங்கிவிடும். நான்கு தசமம் எழுதினால் பதினொரு மீற்றர், அதுவே போதும். அதோடு ஊரவர் சொல்லும் இடப்பெயரையும் கட்டாயம் எழுதவேண்டும். மணல்திட்டு நகர்ந்தால் பெயரும் அதனோடு நகரும், எண் நகராது. அடுத்த தலைமுறைக்கு இரண்டும் வேண்டும்.

இங்கே மீண்டும் முத்துவிடம் வருகின்றேன். 1990களில் தென்னாபிரிக்காவில் லூயி லீபன்பேர்க் என்பவர் ஒரு காரியம் செய்தார். விலங்குகளின் தடம் பார்ப்பதில் வல்ல, ஆனால் எழுதப்படிக்க அறியாத மனிதர்கள் தாம் கண்டதைத் தாமே பதியவேண்டும் என்று, எழுத்துக்குப் பதில் சிறு சித்திரங்கள் கொண்ட மென்பொருளைக் கையடக்கக் கணினியில் ஆக்குவித்தார். மானின் சித்திரத்தைத் தொட்டு, மேய்கின்றதா படுத்திருக்கின்றதா என்ற சித்திரத்தைத் தொட்டால், இணைத்த ஜி.பி.எஸ். இடத்தையும் நேரத்தையும் தானே சேர்க்கும். கரூ தேசியப் பூங்காவின் தடம்பார்ப்போர் அதைப் பயன்படுத்தினர். ‘சைபர்ட்ராக்கர்’ என்ற அம்முயற்சிக்கு 1998 இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. லெயார்டின் காலத்தில் விழுந்த பிரிவை ஒரு கருவி மூடியது இங்கேதான் என்பேன். அறிந்தவரும் பதிந்தவரும் ஒருவரே ஆயினர். கருவி தெரிவுசெய்யும்போது ‘இது எனக்கு வசதியா’ என்று மட்டும் கேட்காமல், ‘தோணி தள்ளும் தம்பி இதைத் தொடமுடியுமா’ என்றும் கேட்பது நல்லது. இவ்வகையில் தொலைபேசிக்கே என் வாக்கு. அவர் கையிலும் அது ஏற்கெனவே இருக்கின்றது.

தொடமுடியும் என்பது ஒன்று. தொட விரும்புவாரா என்பது வேறு. அந்த ஜூன் மாதக் காலையில், ஆளில்லாத ஒரு மணல்திட்டில் சின்ன ஆலாக்கள் முட்டையிட்டிருப்பதைத் தம்பி எனக்குக் காட்டினார். கூடு என்று ஒன்றுமில்லை. வெறும் மணலில் மணல் நிறத்தில் இரண்டு முட்டை. கால் வைத்தால் தெரியாது. நான் மஞ்சள் கருவியை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார். “வேணாம் ஐயா. நம்பர எழுதினா ஆக்கள் வந்திருவாங்க.” பாசிக்குடாவில் அப்போதே விடுதிகள் வரிசையாக எழுந்திருந்தன. கடல் அமைதியாக இருந்து உல்லாசப் பயணிகள் குவியும் மாதங்களும் ஆலா முட்டையிடும் மாதங்களும் இந்தக் கரையில் ஒன்றே. அவர் பேச்சில் நியாயம் இருந்தது. நான் எழுதவில்லை.

ஒரு காலத்தில் மனிதருக்கு அஞ்சி இடத்தை மறைத்தேன். இப்போது பறவைக்கு அஞ்சி மறைக்கவேண்டியிருக்கின்றது. இரண்டும் ஒன்றல்ல என்பதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகமும் ஓடுபோன் சங்கமும் 2002 இல் தொடங்கி 2010 இல் உலகம் முழுவதற்கும் திறந்துவிட்ட ‘ஈபேர்ட்’ பதிவேடு, ஆபத்திலுள்ள சில இனங்களின் சரியான இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவைக்கின்றது. மற்றவற்றுக்கு நாமே பொறுப்பு. குஞ்சு பறந்தபின் பதிவை இடலாம். நுண்ணிடத்துக்குப் பதிலாக ஊரை மட்டும் குறிக்கலாம். தொலைபேசியில் எடுத்த படக்கோப்புக்குள்ளேயே ஆள்கூறு ஒளிந்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. கூடு கட்டும் காலத்தில் கமராவின் அந்த வசதியை நிறுத்திவைப்பதே முறை.

அதே ஈபேர்ட்டில் என் பழைய குறிப்பேடுகளை ஏற்றிவிடலாம் என்று ஒரு மழைக்காலத்தில் உட்கார்ந்தேன். பழைய பதிவுகளையும் அது ஏற்றுக்கொள்ளும். பறவையைக் கேட்டது, கொடுத்தேன். எண்ணிக்கையைக் கேட்டது, கொடுத்தேன். திகதி கொடுத்தேன். நேரத்தில் சற்றுத் தடுமாறினேன். 1996 முதல் 2006 ஏப்ரல் வரை நாட்டின் கடிகாரமே முன்தள்ளப்பட்டிருந்தது அல்லவா! அதையும் கழித்துச் சரிசெய்தேன். பின்னர் இடத்தைக் கேட்டது. வாகரையா, பனிச்சங்கேணியா, கல்குடாவா, முகத்துவாரமா? நினைவில் இருக்கும் என்று நம்பிய எதுவும் நினைவில் இல்லை. பதினைந்து ஆண்டுக் குறிப்பேடுகளில் அன்று ஏற்ற முடிந்தவை பதினொரு பதிவுகள். போரின்போது இந்தப் பக்கம் வந்து பறவை எண்ணியவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் ஒருவனுடைய கணக்கும் காற்றில் வந்த கதையாகிவிட்டது.

2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஹியூக்லின் கடற்காகங்களின் முதுகில் சிறு ஜி.பி.எஸ். கருவிகளைப் பொருத்தினார்கள். ‘மேகா’ என்று பெயரிட்ட ஒன்று வட துருவப் பகுதிவரை சென்று மீண்டும் மன்னாருக்கே திரும்பிவந்தது. எங்கே என்று யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. பறவையே வழிநெடுகச் சொல்லிக்கொண்டு போயிற்று.

இவ்வளவையும் எழுதி நண்பருக்கு அனுப்பினேன். தனிக் கருவி வாங்கவேண்டாம். இருக்கும் தொலைபேசிக்கு நீர் புகாத உறையும் மேலதிக மின்கலமும் போதும். ஒரு சிறு குறிப்பேடும் பென்சிலும் மறக்கவேண்டாம் என்று கடைசி வரியில் சேர்த்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது. கருவிக்கு என்று ஒதுக்கிய பணத்தில் நாசிவன்தீவுத் தம்பிக்கு நல்லதொரு தொலைநோக்கி வாங்கிவிட்டாராம். அதைக் கொண்டுவர எங்காவது அனுமதி எடுக்கவேண்டுமா என்று கேட்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் ரொறன்ரோவில் இருந்தும் அந்தப் பயம் போகவில்லை. இப்போது வேண்டாம் என்று எழுதினேன்.